எந்த லினக்ஸ் என்று கேட்கும் முன் ஒரு வார நோட்டு

"தாயி, இந்தப் பெட்டியை இனித் தூக்கித்தான் போடணுமா?" என்று கேட்டுக்கொண்டே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் 2025 தீபாவளிக்கு முந்தின வாரம் கடைக்குள் வந்தார். கையில் 2015-இல் வாங்கிய லேப்டாப். ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் சிப் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. ஐயாவின் பெட்டியில் இரண்டும் இல்லை. ஆனால் திரை, கீபோர்டு, கீல் எல்லாம் நன்றாகவே இருந்தன. மகன் வாங்கிக் கொடுத்தது என்று பத்து வருடமாகத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்.

கோவில்பட்டியில் 16 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். அந்த அக்டோபரிலிருந்து இப்படி வருகிறவர்கள் அதிகம். அவர்களில் பலர் யாரோ சொல்லி லினக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டுத்தான் வருகிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் (சிஸ்டம்) அது; உபுண்டு, மின்ட், டெபியன் என்று பல வகை உண்டு. "எந்த லினக்ஸ் நல்லதுக்கா?" என்று கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. மேசை டிராயரில் 40 பக்க நோட்டு ஒரு கட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். ஒரு வாரம் கம்ப்யூட்டரில் என்ன செய்தாலும் அதில் எழுத வேண்டும். திறந்த புரோகிராம், செருகிய கருவி, திறந்து பார்த்த பழைய ஃபைல், பிரின்ட் எடுத்தது, போன் செய்து யாரிடமாவது உதவி கேட்டது, எல்லாம். எந்த சிஸ்டம் என்பதை அந்த நோட்டை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

ஐயாவின் நோட்டில் இருந்தவை: மெயில், யூடியூபில் சொற்பொழிவு, பேத்தியோடு வீடியோ கால், தட்டச்சு முறையில் தமிழ்க் கட்டுரை, பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய ஃபைல்கள், மாதம் இரண்டு முறை பிரின்ட். முதல் மூன்றும் பிரவுசரில் நடக்கிற வேலை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லினக்ஸில் அப்படியே உண்டு, கவலை இல்லை. என் நேரம் முழுக்கப் போக வேண்டியது கடைசி மூன்றில்.

அதே மாதம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் நோட்டும் வந்தது. ஆறு கம்ப்யூட்டர். டேலி என்ற கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கன், மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைகள்) எழுதிய எக்ஸெல் ஷீட்டுகள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஒயின் என்ற இடைநிலை மென்பொருளை வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. அடுத்தவர் கணக்கு இருக்கும் இடத்தில் அந்தப் பரிசோதனையை நான் செய்ய மாட்டேன். லினக்ஸில் எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் எக்ஸெல் மேக்ரோ சில ஓடும், சில ஓடாது. அதனால் அவர்களிடம், "டேலியும் டோக்கனும் ஓடுகிற இரண்டுக்கும் புதுப் பெட்டி வாங்கி விண்டோஸிலேயே இருங்கள். டைப்பிங், மெயில், பிடிஎஃப், போர்ட்டல் என்று ஓடும் மற்ற நாலையும் மாற்றுவோம்" என்றேன். நாலு பெட்டி வாங்கும் காசு மிச்சம். கைரேகைக் கருவி வைத்திருக்கும் இ-சேவை மையக்காரர்கள் கேட்டால், அந்தக் கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன். பிழைப்பு ஒரே கருவியில் நிற்கிறவர்களிடம் ஆசை காட்டக் கூடாது.

நோட்டில் எல்லாமே மாற்ற முடியாத வேலையாக இருந்தால் மாற்ற வேண்டாம். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு உண்டு; அதற்குள் புதுப் பெட்டிக்குப் பணம் சேர்த்துக்கொள்ளலாம்.

எத்தனை வருடம் தாங்கும், யார் தாங்குகிறார்கள்

2013-இல் ஒரு தீப்பெட்டி ஆலை அலுவலகத்துக்கு லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அப்போது புதுசு என்றால் பிடிக்கும். பார்க்க அழகான, அடிக்கடி புதுப்பிக்கப்படும் ஒன்றைப் போட்டேன். மாதக் கடைசியில், லாரி வாசலில் நிற்கும்போது, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரையே வரவில்லை. டிஸ்பாட்ச் பில் அடிக்க முடியாமல் அரை நாள் போனது. டிரைவரும் லோடுமேன்களும் வெயிலில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அலுவலகத்துக்கு எது போடுவது என்று யார் கேட்டாலும் அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஆதரவுக் காலத்தைத்தான், அதாவது ஒரு பதிப்புக்கு எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதை.

உபுண்டுவில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு 5 வருட ஆதரவு. உபுண்டு புரோ என்று பதிவு செய்துகொண்டால், தனிப்பட்ட உபயோகத்தில் 5 கணினி வரை இலவசமாகவே 10 வருடம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அந்த எல்டிஎஸ் மேல் கட்டியதுதான் லினக்ஸ் மின்ட். மின்ட் 22 வரிசை 2029 வரை ஓடும். டெபியன் 1993-இல் தொடங்கியது. கம்பெனி எதற்கும் சொந்தமில்லாமல் தன்னார்வலர்கள் நடத்துவது. ஒவ்வொரு பதிப்புக்கும் முழு ஆதரவு 3 வருடம், அதன்பின் நீண்டகால ஆதரவு 2 வருடம். ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வரும். ஒரு பதிப்பின் ஆயுள் சுமார் 13 மாதம். கற்றுக்கொள்ள நினைக்கும் கல்லூரிப் பிள்ளைக்கு ஃபெடோரா அருமையானது, பில் போடும் மேசைக்குப் பொருந்தாது. ஆர்ச்சும் அப்படியே. அதில் பதிப்பு என்பதே கிடையாது, அப்டேட் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும்.

ஆதரவுக் காலம் என்பது ஒரு வாக்குறுதி. அதைக் கொடுப்பது யார் என்றும் பார்க்க வேண்டும். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர் அமைத்தவர்கள் ஏராளம். 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக 2020 டிசம்பரில் அதன் பின்னால் இருந்த ரெட் ஹேட் நிறுவனம் அறிவித்தது. அந்த இடத்தை நிரப்பத்தான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வேறு ஆட்கள் எடுத்துத் தொடர முடிந்தது. கட்டற்ற மென்பொருள் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கைக்கு இதுவே பெரிய காரணம். இலவசம் என்பது அதற்கு அடுத்ததுதான்.

இன்னொன்று, உங்களுக்குப் பக்கத்தில் யாருக்குத் தெரியும் என்பது. பெட்டி நின்றுபோனால் இரவு எட்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்? மச்சானுக்கு உபுண்டு பழக்கம் என்றால் உங்களுக்கும் உபுண்டுதான். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் சென்னையில் உருவாக்கிய அது டெபியன் குடும்பம். அதைப் பழகிய பிள்ளை ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு டெபியன் வழி வந்த ஒன்றைத்தான் போடுவேன். எனக்குப் பாதி வேலை குறையும். தமிழில் படித்துத் தெரிந்துகொள்ளக் கணியம் இதழ் இருக்கிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போல நேரில் சொல்லித் தரும் குழுக்களும் உண்டு.

பெட்டியைப் பார்த்து

இதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது திரையில் தெரியும் மெனுவும் ஜன்னல்களும்; அதில் பல வகை உண்டு. ராம் 4 ஜிபி என்றால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். 8 ஜிபி என்றால் மின்ட்டின் சின்னமன் தாராளமாக ஓடும். உபுண்டுவின் க்னோமுக்கும் 8 ஜிபி இருந்தால் நல்லது. டெஸ்க்டாப் எதுவானாலும் நினைவகத்தைத் தின்பது பிரவுசர்தான். 4 ஜிபி பெட்டியில் பத்து டேப் திறந்தால் எந்த லினக்ஸும் திணறும்.

சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) போடுங்கள். சிஸ்டத்தை மாற்றுவதைவிட இது பெரிய வித்தியாசம் காட்டும். ஐயாவின் லேப்டாப் முன்பு எழுந்திரிக்க மூன்று நிமிடம் எடுத்தது. எஸ்எஸ்டியும் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயும் போட்டபின், அவர் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் தயாராகிவிட்டது.

ரொம்பப் பழைய 32 பிட் பெட்டி என்றால் வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கு நிறுவும் வசதி இல்லை. டெபியன் 12-ஐப் போட்டு 2028 ஜூன் வரை ஓட்டலாம். அதன்பின் அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

போடும் முன் பென்டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென்டிரைவ் போதும். வென்டாய் என்ற கருவியை அதில் ஒருமுறை போட்டுவிட்டால் ஐஎஸ்ஓ ஃபைல்களை (சிஸ்டத்தை நிறுவும் ஃபைல்கள்) சும்மா காப்பி செய்தாலே போதும். ஒன்றிரண்டு சிஸ்டத்தை ஒரே பென்டிரைவில் வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஐஎஸ்ஓவை அந்தந்த திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியபின் அங்கே கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோம்பலில் இதைத் தாண்டிப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, வெளியாள் உள்ளே நுழையப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். சரியான எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போலி ஐஎஸ்ஓ தெரிந்துவிடும். அந்த எண்ணும் மாற்றப்படக்கூடும் என்பதால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறையையும் அதே பக்கத்தில் படித்துச் செய்வது இன்னும் நல்லது.

பென்டிரைவில் இருந்தபடியே பெட்டியைக் கிளப்பி, நிறுவாமல், ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். வைஃபை வருகிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, ஹெட்போன் செருகினால் சத்தம் அதற்குள் போகிறதா, கேமரா, மைக், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன் எல்லாம் பாருங்கள். எல்லாரும் மறப்பது ஒன்று உண்டு: லேப்டாப் மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். தூங்கப் போனது எழுந்து வராத பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வைஃபை சில்லுகளில் சிலவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் (சில்லை இயக்கும் சிறு மென்பொருள்) வேண்டும். முன்பு டெபியனில் அதைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் ஐஎஸ்ஓவிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பிரின்டரையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே செருகிப் பார்த்துவிடுங்கள். எச்பி பிரின்டர்கள் பலவற்றுக்கு எச்பிஎல்ஐபி என்ற மென்பொருள் உண்டு. ஏர்பிரின்ட் வசதி உள்ள நெட்வொர்க் பிரின்டர் என்றால் பெரும்பாலும் டிரைவரே தேவைப்படாது. சில பழைய யுஎஸ்பி லேசர் பிரின்டர்கள்தான் படுத்தும். எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடை ஒன்றின் பிரின்டருக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முடியாமல், கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விண்டோஸையே திரும்பப் போட்டேன். பென்டிரைவில் முதலில் பார்த்திருந்தால் அந்த நாள் இருவருக்கும் மிஞ்சியிருக்கும்.

தமிழ்

ஒரு லினக்ஸ் நமக்கு ஒத்துவருமா என்பதற்கு என் சோதனை இதுதான். பிரவுசர் எங்கும் ஓடும். தமிழில் எழுத நினைத்த விரல் தடுமாறினால் அந்தப் பெட்டியை அவர்கள் மூன்றாம் நாளே மூடிவிடுவார்கள்.

தமிழ் எழுத்து திரையில் தெரிவதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். லோஹித் தமிழோ நோட்டோ தமிழோ கூடவே வந்துவிடும். இல்லாவிட்டால் ஒரு பொதி (பேக்கேஜ்) சேர்த்தால் போதும். தமிழில் உள்ளிடுவதற்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதனோடு எம்17என் என்ற பொதி. உபுண்டுவில் செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் பட்டியல் வரும்: தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு, இலங்கையில் பழக்கமான ரங்கநாதன் அமைப்பும்கூட. மின்ட்டில் மெனுவில் 'இன்புட் மெதட்' என்று தேடுங்கள். அங்கிருந்து ஐபஸ்ஸை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தபின் சேர்க்கலாம். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு தமிழ்99-ஐயே சொல்வேன்: உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், புள்ளி பெரும்பாலும் தானாக விழும். தட்டச்சு ஹையர் முடித்த ஐயாவுக்கு அதைப் போதிக்க நான் யார்? பழைய தட்டச்சு அமைப்பையே வைத்துக் கொடுத்தேன். முதல் வரி அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "கை மறக்கலை தாயி" என்றார்.

அடுத்து லிப்ரே ஆபிஸ். தமிழில் எழுதும்போது எழுத்துருவை மாற்றினாலும் மாறவே இல்லை என்று பலர் வருகிறார்கள். தமிழுக்கான எழுத்துரு அதில் தனிப் பெட்டியில் இருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். அதன்பின் எழுத்து அமைப்பில் ஆங்கிலத்துக்கு ஒரு பெட்டி, தமிழுக்கு ஒரு பெட்டி என்று இரண்டு தெரியும்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் வேறு கதை. அவற்றில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு என்ற சட்டை போட்டதால் தமிழாகத் தெரிகிறது. அந்த டிடிஎஃப் ஃபைலை விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, லினக்ஸில் இரட்டைக் கிளிக் செய்து நிறுவினால் பழைய ஃபைல் பழையபடியே தெரியும். ஐயாவிடம் இப்படி முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் யூனிகோடுக்கு (உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் முறை) மாற்ற வேண்டாம்; திறக்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாகப் பொங்குதமிழ் மாற்றியில் போட்டு மாற்றிக்கொண்டால் போதும் என்றேன். மாற்றினால்தான் தேட முடியும். பாமினியில் கிடக்கும் கட்டுரைக்குள் 'நற்றிணை' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

ஆங்கில எழுத்துருவிலும் ஒரு சங்கதி உண்டு. அலுவலகத்திலிருந்து வரும் வேர்ட் ஃபைல் லினக்ஸில் பக்கம் தள்ளித் தெரிந்தால் பெரும்பாலும் கலிப்ரி இல்லாததுதான் காரணம். கார்லிட்டோ என்ற கட்டற்ற எழுத்துரு அதே அகல அளவில் செய்யப்பட்டது, கேம்ப்ரியாவுக்குக் கலேடியா. இரண்டையும் போட்டுவிடுங்கள், பக்கம் நேராகிவிடும்.

டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் ஃபைல்களை நம்பி ஓடும் கடை என்றால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள். புது வேலைகளை, அதே வேலைக்கான கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸில் பழகிப் பார்க்க இன்னொரு பெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம் என்றால்

ஒரே அலுவலகத்தில் எல்லாப் பெட்டியிலும் ஒரே சிஸ்டம், ஒரே பதிப்பு. மேனேஜருக்கு ஒன்று, கிளார்க்குக்கு ஒன்று என்று ஆசைப்பட்டதைப் போட்டால் பராமரிக்க முடியாது. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளுக்கு, பள்ளிகளின் கணினி வசதியைப் பார்த்துக்கொள்ளும் அரசின் கைட் அமைப்பு உபுண்டுவைப் பாடத்துக்கும் மலையாளத்துக்கும் ஏற்றபடி அமைத்து ஒரே மாதிரி கொடுக்கிறது. திருவனந்தபுரத்தில் பழகிய ஆசிரியர் காசர்கோட்டுக்கு மாறிப் போனாலும் அதே மெனு.

முதல் மாதம் ஒரே ஒரு மேசை. கோபப்படாமல் குறை சொல்லத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தீப்பெட்டி ஆலைக்கு 2018-இல் மறுபடி போனபோது வருகைப் பதிவு பார்க்கும் அக்காவின் மேசையில் தொடங்கினேன். அவர் நோட்டில் எழுதித் தந்த 11 குறைகளைச் சரிசெய்த பிறகே மற்ற எட்டுக்கும் போனேன். எல்லாம் டெபியன். மாதக் கடைசியில் அப்டேட் போடக் கூடாது என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறோம்; மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மதியம் நானே போய்ப் போடுகிறேன். அவசரப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் தானாக இறங்கும்.

நிர்வாகி கடவுச்சொல் இருவரிடம் மட்டும் இருக்கட்டும், ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் மற்றவர் இருப்பார். டைம்ஷிஃப்ட்டை இயக்கி வையுங்கள். மின்ட்டில் கூடவே வருகிறது, மற்றதில் நிறுவிக்கொள்ளலாம். அப்டேட் சொதப்பினால் முந்தின நிலைக்குத் திரும்ப அது உதவும். ஆனால் அது சிஸ்டத்துக்கு மட்டும்தான். ஃபைல்களுக்கு வேறு டிஸ்கில் தனியாக பேக்கப் வேண்டும்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வீட்டில் வைக்கலாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகே எதையும் தொடுங்கள். அலுவலகத்தில் இரட்டை முறை வேண்டாம். அவசரத்தில் எல்லாரும் பழைய பக்கத்துக்கே ஓடுவார்கள். டேலிக்கு என்று விண்டோஸ் புரோ உள்ள ஒரு பெட்டியை ஓரத்தில் வைத்துவிட்டு, தேவைப்படுகிறவர் தன் மேசையிலிருந்தே, இன்னொரு பெட்டியின் திரையைத் திறக்கும் ரெம்மினா வழியாக அங்கே போய் வேலை பார்த்துவிட்டு வரலாம்.

பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்காதீர்கள். எஸ்எஸ்டி மாற்றும்போது கழற்றிய டிஸ்கை நான் உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு வருடம் பீரோவில் இருக்கட்டும் என்பேன். மார்கழியில் ஐயா அந்த உறையோடு வந்தார். டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டோம். 2011-இல் எழுதி, பிறகு பேஜ்மேக்கர் ஃபோல்டருக்குள் போட்டு வைத்த ஓர் உரை மட்டும் விட்டுப்போயிருந்தது. யுஎஸ்பி கேபிளில் மாட்டித் தேடி எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். உறையை ஒட்டித் திரும்பவும் தேதி எழுதினோம்.